வலது வளையம்

மார்ச் 9
(அனுப்பாதது)

அக்கா,

இன்று ரயில் நிலையத்தில் உன்னிடம் என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்றேன். ஜன்னல் ஓரமாக உட்கார் என்றேன். அத்தானைக் கேட்டதாகச் சொல் என்றேன். வியாழக்கிழமை எடுத்த படத்தில் உன் மூளையின் வலப்பாதி இருட்டாக இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

நீ கேட்காமலும் இல்லை. "ரெண்டு நாளா உன் வாயை யாருடி தைச்சு விட்டது? நான்கூட இவ்வளவு நெருக்கமாத் தையல் போட மாட்டேன்" என்றாய். நான் சிரித்து வைத்தேன். ரயில் கிளம்பியபோது நீ கையசைக்கவில்லை. நியாயம்தான்.

அனுப்பப் போவதில்லை என்றாலும் உனக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்காக நான் செய்கிற காயில், அதாவது அலை அனுப்பும் கம்பிச் சுருள், கழுத்துக்கானது. உள்ளங்கை அளவு இரண்டு செம்பு வளையங்கள். ஒன்று கழுத்தின் வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் அங்கேதான் மேலே ஏறுகின்றன. எங்கள் காந்தம் மிகப் பெரியது. அதில் தலைக்கான காயிலின் அலை கழுத்துவரை இறங்காது. அதனால் கழுத்துக்குத் தனியாக ஒன்று. வளையங்கள் ஏறிப் போகும் ரத்தத்துக்கு ஓர் அடையாளம் வைத்து அனுப்பும். ஊசி இல்லை, மருந்து இல்லை. காந்தத்துக்கு மட்டும் தெரிகிற அடையாளம். இரண்டு விநாடியில் அது மூளைக்குப் போய்ச் சேரும். அப்போது ஒரு படம். அடையாளம் வைக்காமல் இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எலும்பு, தோல், மூளை எல்லாம் அழிந்துபோய், அந்த நொடியில் வந்து சேர்ந்த ரத்தம் மட்டும் வெள்ளையாக மிஞ்சும்.

உன் படம் திரையில் வந்ததும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். இயந்திரத்தை இயக்குபவர், நீ பார்த்தாயே, எதற்கும் அவசரப்படாதவர், பொறுமை என்று நாங்கள் பெயர் வைத்திருப்பவர், அவர்தான் திரையின் இடது ஓரத்தை விரலால் தொட்டு, "இந்தப் பக்கமும் பாருங்க" என்றார். எதிரில் நின்று பார்ப்பதுபோலப் படம் காட்டுவது வழக்கம். திரையில் இடப்பக்கம் இருப்பது தலையின் வலப்பக்கம். அங்கே எதுவும் மிஞ்சவில்லை. வானத்தில் பாதியைத் துணியால் துடைத்துவிட்டதுபோல இருந்தது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். வலது வளையம் வேலை செய்யாமல் போய், ரத்தத்துக்கு அடையாளமே வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். அல்லது அடையாளம் வைத்த ரத்தம் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

சோதனையில் இருக்கும் காயிலால் எடுத்த படத்தை வைத்துப் படுத்தவரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது இங்கே விதி. நீயும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், படிக்காமலே. மூளையின் வடிவத்தைக் காட்டும் சாதாரணப் படத்தை டாக்டர் பார்த்தார். அதில் குறை இல்லை. உனக்கு முன்னால் படுத்த ஒருவரின் படத்திலும் இதே இருட்டு இருந்தது. ஆகவே தவறு என் கையில்தான். நாளை அந்த வளையத்தின் இணைப்பைப் பிரித்துப் புதிதாக ஈயம் வைக்கப் போகிறேன். அது சரியாகிவிட்டால் உன்னிடம் சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது.

கம்பி


மார்ச் 17

அடி கம்பி,

பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். நீ கேட்கலை, இருந்தாலும் சொல்றேன்.

போன் பண்ணிப் பண்ணிப் பாத்தியாமே, உங்க அத்தான் சொன்னார். எடுக்க மாட்டேன். போன்ல நீ 'ம்'னு ஒரு எழுத்துலயே ஒரு மணி நேரம் ஓட்டுவே. கடிதத்துல 'ம்'னு எழுதி ஸ்டாம்ப் ஒட்ட முடியாது பாரு. இனிமே எதுவா இருந்தாலும் எழுது.

மூணு வருஷம் கழிச்சு உன்னைப் பாக்கணும்னு, கடையைப் பூட்டிட்டு, கல்யாண ஆர்டரை எல்லாம் தள்ளிப் போட்டுட்டு வந்தேன். வந்த மூணாம் நாளே என்னைக் கொண்டுபோய் அந்தக் குழாய்க்குள்ள தள்ளிட்டே. வளையல், தோடு, கொக்கி வச்ச உள்பாடி எல்லாம் கழட்டச் சொல்லி, கழுத்துல உன்னோட செம்புத் தகட்டை வச்சுக் கட்டி. "நானே முதல்ல படுத்துப் பாத்துட்டேன்க்கா, செஞ்சவங்கதான் முதல்ல படுக்கணும், அதான் இங்க வழக்கம், பயப்படாதே"ன்னு சொன்னே. நான் பயப்படலை. உள்ள தடதடன்னு சத்தம் கேட்டப்போகூட, பழைய தையல் மிஷின் நூறு ஒண்ணா ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். வெளியே வந்ததும் உன் முகத்தைப் பாத்தேன். அப்பதான் பயந்தேன்.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் பேச்சே இல்லை. நான் உன்கிட்ட வந்தது அக்காவாவா, தலையாவா? ஒரு வார்த்தை சொல்லிடு, அடுத்த தடவை தலையை மட்டும் பார்சல்ல அனுப்பி வைக்கிறேன்.

சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். உனக்குக் கிடைக்கிறது கிடைச்சுடும், நீ வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அம்மா தினமும் தட்டுல பாதிச் சோத்தை உன் பக்கமா மிச்சம் வச்சுட்டு எழுந்திருப்பா, ஞாபகம் இருக்கா? நீ அதையும் இழுத்து வச்சுத் தின்னுவே. நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். எனக்கும் பசிக்கும்னு அம்மாவுக்குத் தோணினதே இல்லை. சாகற வரைக்கும் தோணலை. முப்பத்தெட்டு வயசுல ஒரு நாள் காலையில விழுந்தா, அதோட போச்சு, இனிமே யார்கிட்ட கேக்கறது.

சரி, விடு. குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்றேன் உனக்கு. கோபம் வேற, ஸ்வெட்டர் வேற.

அக்கா


மார்ச் 29

அக்கா,

நீ அக்காவாகத்தான் வந்தாய். தலையாக நினைத்தது என் தப்பு. மன்னித்துக்கொள்.

அந்த இரண்டு நாள் நான் பேசாமல் இருந்தது உன்மேல் உள்ள கோபத்தால் அல்ல. என் வேலையில் ஒரு குறை தெரிந்தது. உன் படம் நான் எதிர்பார்த்தபடி வரவில்லை. வலது வளையத்தில் ஏதோ பிசகு. நான் செய்த பொருளில் பிசகு இருக்கும்போது எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு தப்பானதற்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவள் நான். "எதுக்கெடுத்தாலும் தன் தப்புன்னு சொல்றதுலயும் ஒரு திமிர் இருக்குடி" என்று அப்போது நீ சொன்னாய்.

நீ போன மறுநாள் அந்த வளையத்தைப் பூதக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இணைப்பு எல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்பவில்லை. உருக்கி எடுத்து, துடைத்து, புதிதாக ஈயம் வைத்தேன். போன வாரம் பொறுமையைப் படுக்க வைத்தோம். அவருடைய படம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பால் ஊற்றியதுபோல வெள்ளை. ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் என் தோளில் தட்டினார். பார், ஒரு துளி ஈயத்துக்காக உன்னிடம் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

நிம்மதியாகத் தூங்குகிறேன். தூக்கக் கலக்கமோ என்னவோ, காலையில் ஆய்வகத்துக்குள் போகும்போது கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறேன். இந்த வாரம் மூன்றாவது முறை. "கதவை அகலமாக்கச் சொல்லி மனு எழுதட்டுமா?" என்கிறார் பொறுமை.

அம்மாவின் தட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நீ நினைப்பதுபோல இல்லை. அந்தப் பாதிச் சோற்றை என் பக்கம் வைப்பாளே தவிர, என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். நான் அவளுக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் உன்னைப் பார்த்து 'என்ன' என்பாள். நீ அவள் கண்ணெதிரில் இருந்தாய். எனக்கு உன்மேல் எவ்வளவு பொறாமை என்று உனக்குத் தெரியாது.

ஸ்வெட்டர் சாம்பல் நிறம் வேண்டாம்.

கம்பி


ஏப்ரல் 20

கம்பி,

சாம்பல் வேண்டாம்னு நீ எழுதறதுக்குள்ள பாதி பின்னியாச்சு. போட்டுக்கோ.

உன் இயந்திரம் சரியானது சந்தோஷம். இங்கே நிலைமை சரியில்லை. சிரிக்காமப் படி.

கடை வாசல்ல ஒரு பொம்மை நிக்கும் இல்ல, தலை இல்லாதது, கோட்டு மாட்டி வைப்பேனே. யாரோ அதை எடுத்துட்டுப் போறாங்க. எடுத்துட்டுப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாங்க. காலையில கடையைத் திறந்து உள்ள போவேன், பொம்மை இருக்காது. மதியம் சாப்பிட வெளியே வருவேன், அங்கேயே நிக்கும், என்னமோ ஒண்ணும் தெரியாத மாதிரி. போகும்போது இல்லை, வரும்போது இருக்கு. தினமும் இல்லை. சில நாள்.

உங்க அத்தான்கிட்ட சொன்னேன். "தலையில்லாதவனுக்குக் கால் முளைச்சிருக்கும்"னார். விளையாட்டுன்னு நினைச்சுட்டார். மறுநாள் நான் அழுததும் தானே வந்து வாசல்ல நின்னார். "இதோ இருக்கே, தொட்டுப் பாரு"ன்னார். அவர் குரல் கேக்குது, ஆளைக் காணோம். சுத்தித் திரும்பினா பக்கத்துல நிக்கிறார். அப்ப அவர் முகத்துல இருந்த சிரிப்பு போச்சு.

வீட்லயும்தான். டீ கேட்டா கொண்டுவந்து வைக்கறதில்லைன்னு சண்டை போட்டேன். ஆறிப்போன கோப்பையை எடுத்து என் மூக்குக்கு நேரா நீட்டறார், "முக்கால் மணி நேரமா இங்கதான் இருக்கு"ன்னு. சுவர்க் கடிகாரத்துல ஒன்பது, பத்து, பதினொண்ணு இல்லாத மாதிரி இருக்கு. எண்ணிப் பாத்தா இருக்கு. ஒரு பெரிய மனுஷன் கோட்டை ஒரு கை வைக்காமலே மடிச்சுக் கொடுத்துட்டேன். அவர் பிரிச்சுப் பாத்துட்டு, "எனக்கு ரெண்டு கை இருக்கும்மா"ன்னார். எனக்கு எங்கே முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியலை. இருபத்திரண்டு வருஷத் தொழில்.

பேய், பிசாசுன்னு நான் நம்பினது கிடையாது. ஆனா யாரோ இந்த வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்குடி. எடுத்த இடம் தெரியறதில்லை. அதுதான் பயமா இருக்கு. ஒரு பொருள் போனா அது இருந்த இடமாவது காலியாத் தெரியணும் இல்ல? அந்த இடமும் சேர்ந்து போயிடுது.

அவர்கிட்ட இன்னும் முழுசாச் சொல்லலை. உன்கிட்டதான் சொல்றேன்.

அக்கா


மே 2

அக்கா,

இதைப் படிக்கும்போது அத்தான் பக்கத்தில் இருக்கட்டும். அவர் படித்துச் சொல்லட்டும். நேற்று அவரோடு போனில் பேசிவிட்டேன். நீ அப்போதும் போனை வாங்க மறுத்தாய்.

உன் இரண்டு கடிதங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மார்ச் மாதக் கடிதத்தில் தாளின் இடது ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு எழுதியிருக்கிறாய். ஏப்ரல் கடிதம் மூன்று விரலில் தொடங்குகிறது. பக்கம் போகப்போகத் தள்ளிப்போய், கடைசி வரிகள் தாளின் நடுவில் ஆரம்பிக்கின்றன. இடப்பாதி வெறும் வெள்ளை. உனக்குத் தாள் அங்கேதான் தொடங்குகிறது.

உன் வீட்டிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. பொம்மை நீ உள்ளே போகும்போது உனக்கு இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். உன் கண்ணில் குறையில்லை. உன் மூளையின் வலப்பக்கம், இடப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இடம், ரத்தம் போதாமல் அவ்வப்போது வேலையை நிறுத்துகிறது. நிறுத்தியது உனக்கே தெரியாது.

இதோடு மார்ச் 9ஆம் தேதி எழுதி அனுப்பாத கடிதத்தையும் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. பிறகு மிச்சம்.

படித்தாயா? ஈயம் வைத்ததும் பொறுமையின் படம் வெளுப்பாக வந்தது, அதனால் பிரச்சினை ஈயத்தில்தான் என்று நம்பினேன். வளையத்துக்கு எவ்வளவு சக்தி போனது, அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்று இயந்திரம் ஒவ்வொரு முறையும் தானே பதிவு செய்துகொள்ளும். வளையம் கெட்டிருந்தால் அனுப்பியது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். நேற்றுதான் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். நீ படுத்த வியாழக்கிழமை வலது வளையத்திலிருந்து திரும்பி வந்தது நூற்றில் இரண்டு பங்கு. இடதைவிடக் குறைவு. அன்று அது அருமையாக வேலை செய்திருக்கிறது. அடையாளம் வைத்து அனுப்பியிருக்கிறது. ரத்தம்தான் போய்ச் சேரவில்லை.

ஒரு நிமிட வேலை அது. எட்டு வாரம் நான் அதைச் செய்யவில்லை. தவறு என் கையில் என்று முடிவு செய்துவிட்டதால் வேறெங்கும் பார்க்கத் தோன்றவில்லை. நீ சொன்ன திமிர் இதுதான் போலிருக்கிறது.

பேராசிரியரிடம் விதியை மீறப் போகிறேன் என்று சொன்னேன். "இன்னுமா மீறலை?" என்றார். படத்தையும் பதிவையும் உங்கள் ஊர் நரம்பியல் டாக்டருக்கு அவரே அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை அத்தான் உன்னை அழைத்துப் போவார். அதற்குமுன் ஒன்று செய். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, டேப் வைக்காமல், மடிக்காமல், வெறும் கண்ணால் நடுவில் சுண்ணக் கோடு போடு. பிறகு அத்தான் அளக்கட்டும்.

உனக்கு முன்னால் படுத்தவரைப் பற்றிக் கவலைப்படாதே. அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கம்பி


மே 9

கம்பி,

இதை நான் சொல்ல உங்க அத்தான் எழுதறார். எழுத்துப் பிழை அவருடையது, கோபம் என்னுடையது.

ஒன்றரை கெஜம் துணி. கண்ணாலயே நடுவைப் பிடிப்பேன்னு ஊருக்கே தெரியும். கோடு போட்டேன். இவர் அளந்தார். டேப்பை என் கையில கொடுத்தார். நடுவிலேர்ந்து ஏழு அங்குலம் தள்ளி வலப்பக்கம் போட்டிருக்கேன். டேப்பை வச்சுப் பாத்தபிறகும் கோடு நடுவிலதான் இருக்கற மாதிரி இருந்துச்சு. டேப் பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். என் டேப்!

எட்டு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கே. உன்னை என்ன பண்ணலாம்? தெரியலை. டாக்டர் அடிக்கடி அழக்கூடாதுங்கறார், அழுதா மூச்சு வாங்கி ரத்தம் இன்னும் குறையுமாம். அதனால அழாம, திட்டாம, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். அதுவே உனக்கு லாபம்.

கழுத்திலேர்ந்து மேலே போற குழாய், மூளைக்குள்ள நுழையற இடத்துல நூல் மாதிரி சுருங்கிப் போச்சாம். ஜூன்ல ஆபரேஷன்.

ஒண்ணு கேக்கணும். ரெண்டு மாசமா தட்டுல பாதிச் சோத்தை மிச்சம் வைக்கிறேனாம். இவர், "எனக்காகவா மிச்சம் வைக்கிறே, என்ன திடீர்னு இவ்வளவு பாசம்"னு கேலி பண்ணிக்கிட்டு, தட்டைத் திருப்பி வைப்பாராம். நானும் அதை முழுசாச் சாப்பிட்டு எழுந்திருப்பேனாம். டாக்டர் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வச்சுட்டு, "குடும்பத்துல வேற யாராவது?"ன்னு கேட்டார்.

நான் பதில் சொல்லலை. நீ சொல்லு.

அக்கா


மே 16

அக்கா,

அம்மாதான்.

அவள் உன்னைப் பட்டினி போடவில்லை. எனக்காக மிச்சம் வைக்கவும் இல்லை. தட்டில் பாதி இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. முழுவதும் சாப்பிட்டுவிட்டோம், ஏன் இன்னும் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டே எழுந்திருப்பாள். அந்தச் சோற்றுக்கு அப்பால்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நானும் தெரிந்திருக்க மாட்டேன். கூப்பிட்டால் குரல் வரும், ஆள் இருக்காது. உனக்கு அத்தான் காணாமல் போனாரே, அதைப்போல. அதனால் எதிரில் தெரிந்த உன்னைப் பார்த்து 'என்ன' என்றிருக்கிறாள்.

இருபது வருஷமாக நாம் ஒரே தட்டைப் பார்த்துத் தனித்தனியாகக் கோபப்பட்டிருக்கிறோம்.

டாக்டரிடம் சொல்லிவிடு. ஜூன் பத்தாம் தேதி வந்துவிடுவேன்.

கம்பி


ஜூன் 28

கம்பி,

நானே எழுதறேன். ஓரத்தைப் பாத்தியா? ஒரு விரல். நீயே அளந்துக்கோ.

தலைத்தோல்ல ஓடற ஒரு குழாயை உள்ள இறக்கி, மூளையோட குழாயில தைச்சிருக்காங்க. முடியைவிட மெல்லிசு நூலாம். எந்தக் கம்பெனி நூல்னு கேட்டேன். டாக்டர் சிரிச்சுட்டு, எத்தனை தையல்னு மட்டும் சொன்னார். பத்து. சுத்தமான வேலை. பொம்மை இப்ப போகும்போதும் இருக்கு, வரும்போதும் இருக்கு. உள்ள நுழையறப்போ ஒரு தட்டுத் தட்டிட்டுப் போறேன்.

இனி விஷயத்துக்கு வர்றேன். நீ மூணு நாள் என் கட்டில் பக்கத்துல இருந்தே. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேனே தவிர, தூங்கலை. நீ சாப்பிட்ட தட்டைப் பாத்தேன். பசியில்லைன்னே. ஒரு பக்கம் துடைச்ச மாதிரி இருந்துச்சு, இன்னொரு பக்கம் தொடவே இல்லை. பசியில்லாதவ அப்படியா சாப்பிடுவா?

வீட்டுக்கு வந்ததும் உன் கடிதங்களை எடுத்து டேப்பால அளந்தேன். அனுப்பாத அந்த முதல் கடிதம், முக்கால் அங்குலம். மார்ச் கடைசி, ஒண்ணேகால். மே ரெண்டாம் தேதி, என் ஓரத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுத்தியே, அந்தக் கடிதம், ஒண்ணே முக்கால். மே பதினாறு, ரெண்டே முக்கால்.

செஞ்சவங்கதான் முதல்ல படுக்கணும்னு நீதானே சொன்னே? எனக்கு முன்னால படுத்த ஆள் யாருடி?

பதில் எழுதாதே. கிளம்பிப் போய்ப் படு.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

பொறுமை இந்தத் தாளின் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், பிறகுதான் ஒவ்வொரு வரியையும் தொடங்க வேண்டும். மெதுவாகத்தான் வருகிறது. நீ இரண்டு வாரம் என் பக்கத்தில் இருந்தபோது நான் மனம்விட்டுப் பேசவில்லை. நீ கிளம்பியபிறகும் சொல்லாதது நிறைய இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் ஜூலை 4ஆம் தேதி வந்தது. அதைப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்று சொன்னால் அது பாதி உண்மை. பிப்ரவரியில் என் படம் இருட்டாக வந்தது. மே மாதம் உன் பதிவைத் திறந்த அன்றே என் பதிவையும் திறந்தேன். திரும்பி வந்தது நூற்றில் இரண்டு பங்கு. உன் ஆபரேஷன் முடியட்டும் என்று மூடி வைத்தேன். ஆனால் தட்டும் தாளின் ஓரமும் எனக்குத் தெரியாது. கதவு நிலையைக்கூட நான் தூக்கக் கலக்கம் என்றே நம்பினேன். நீ சொல்லியிராவிட்டால் இன்னும் தள்ளிப் போட்டிருப்பேன்.

ஜூலை 7 அன்று படுத்தேன். கழுத்துக் காயிலோடு ஒரு முறை, வேறொரு மருத்துவமனையின் சாதாரண இயந்திரத்தில் அது இல்லாமல் ஒரு முறை. இரண்டிலும் அதே இருட்டு. 28ஆம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். 22ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு வேலை மேசையில் விழுந்தேன். பொறுமை ஓடி வந்து தூக்கினாராம். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள்.

அன்று மாலையே தைத்தார்கள். எனக்குப் பன்னிரண்டு தையல். பேச்சு சரியாக இருக்கிறது. நடக்கிறேன். இடது கை வரவில்லை. வருமா என்று கேட்டால் டாக்டர் ஆறு மாதம் என்கிறார், வரும் என்று சொல்வதில்லை. ஈயம் வைக்க இரண்டு கை வேண்டும். ஒன்றில் சூட்டுக்கோல், ஒன்றில் கம்பி.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் அந்தக் காயிலில் முதல் நோயாளியைப் படுக்க வைத்தார். முப்பது வயதுப் பெண். படம் வந்ததும் திரையின் இரண்டு ஓரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் ரத்தம் தாமதமாக வருகிறது என்று அவளிடமே சொன்னார். விதியை மாற்றிவிட்டார்கள்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை உன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். சாப்பிடும்போது என்னை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று கேட்டார். உன் எதிரில் என்று சொல்லியிருக்கிறேன்.

கம்பி